கொழும்பில் தீவிரவாதத் தடுப்பு வேலையில் இறங்குகிறவர்களுக்கு: எந்தக் கடதாசி, எவ்வளவு செலவு, எங்கே சறுக்கும்

எங்கள் முதல் கூட்டம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் வெள்ளவத்தையில் நடந்தது. வாசலில் ஒரு மேசை போட்டு வரவுப் பதிவுத் தாளை வைத்திருந்தோம். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, கையொப்பம். பணம் தந்தவர்கள் கேட்ட படிவம் அது. நாங்களும் யோசிக்காமல் அப்படியே அச்சடித்து வைத்துவிட்டோம். 38 பேர் எழுதினார்கள். உள்ளே பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, நாங்கள் அழைக்காத ஒருவர் வந்து அந்தத் தாள்களைத் தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டார். மூன்று நாள் கழித்து, தெமட்டகொடையிலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணின் வீட்டுக்கு அழைப்பு வந்தது: “அந்தக் கூட்டத்துக்கு ஏன் போனீர்கள்?” அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. அவரோடு சேர்ந்து வந்த ஐந்து பேரும் வரவில்லை.

இஸ்லாத்தின் பெயரால் நடக்கும் வன்முறைத் தீவிரவாதத்தைப் பற்றி ஆய்வு, பயிற்சி, பொது உரையாடல் என்று நாலைந்து பேர் சேர்ந்து ஏதாவது செய்ய நினைக்கிறீர்களா? கீழே இருப்பதை வாசித்துவிட்டு இறங்குங்கள். கடதாசி வேலை நிறைய இருக்கிறது. அலுவலகங்களுக்காக மட்டும் அதைச் செய்வதாக நினைத்தால் எரிச்சல்தான் வரும். உங்களோடு பேச வருகிறவர்கள் மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் பாதிக் கடதாசி.

1. பெயரை முதலில் தீர்மானியுங்கள்

பதிவுக்குப் போகுமுன் இதை முடியுங்கள். ஒருமுறை பதிந்த பெயரை மாற்றுவது புதிதாகப் பதிவதைவிட அலுப்பு.

ஆங்கிலத்தில் ‘இஸ்லாமிக்’, ‘இஸ்லாமிஸ்ட்’ என்று இரண்டு சொல் இருக்கின்றன. ஒன்று மார்க்கத்தைச் சேர்ந்தது, மற்றது அரசியலை. தமிழில் இரண்டுமே ‘இஸ்லாமிய’ ஆகிவிடும். பதாகையில் ‘இஸ்லாமியத் தீவிரவாதம்’ என்று பெரிதாக எழுதினால், மருதானையில் கடை வைத்திருக்கிறவர் தன்னைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைத்து விலகிப்போவார். நாங்கள் வெளியில் ‘மதத்தின் பெயரால் வன்முறை’ என்று போட்டோம். உள் ஆவணங்களில் ‘இஸ்லாத்தின் பெயரால் ஆயுத வன்முறையை நியாயப்படுத்தும் அரசியல் சித்தாந்தம்’ என்று நீட்டி எழுதினோம். நீளம்தான், ஆனால் யாரும் சண்டைக்கு வரவில்லை.

மறுபக்கம் சாய்ந்துவிடவும் வேண்டாம். ‘சகவாழ்வு’, ‘நல்லிணக்கம்’ என்று மட்டும் பெயர் வைத்தால், குத்துவிளக்கு ஏற்றி, நான்கு மதத் தலைவர்களும் கைகோத்துப் படம் எடுத்து, பட்டீஸ் சாப்பிட்டுக் கலைவதோடு முடியும். பேச வேண்டியதை யாரும் பேசமாட்டார்கள்.

இன்னொன்று: ‘தௌஹீத்’ என்பது ஓரிறைக் கொள்கையைக் குறிக்கும் சொல். எந்த முஸ்லிமுக்கும் அது நம்பிக்கையின் அடிப்படை. அதை 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வைத்தவர்களின் பெயராக மட்டும் எழுதினால், உங்கள் அறிக்கையை முதல் பக்கத்திலேயே மூடிவைத்துவிடுவார்கள்.

2. பதிவு: எந்த வழி உங்களுக்கு?

இரண்டு வழிகள்தான் பெரும்பாலும் பயன்படுகின்றன. ஒன்று, 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ்ப் பதிவது. ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்குள் மட்டும் வேலை என்றால் அங்கே, மாவட்டம் முழுக்க என்றால் மாவட்டச் செயலகத்தில், அதைத் தாண்டினால் அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகத்தில். மற்றது, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிவது. இதில் பங்கும் இல்லை, இலாபப் பங்கீடும் இல்லை.

கொழும்பு மாவட்டத்துக்குள் மட்டும் கூட்டமும் பயிற்சியும் நடத்துவதென்றால் முதல் வழியே போதும். நாங்கள் கம்பனி வழியில் போனோம். ஏன் என்று இப்போது கேட்டால் எனக்கே சரியாகத் தெரியவில்லை. யாரோ ஒருவர் ‘அதுதான் கௌரவம்’ என்று சொன்னார்.

கையில் இருக்க வேண்டியவை: யாப்பு அல்லது அமைப்பு விதிகள், பொறுப்பாளர்களின் அடையாள அட்டைப் பிரதிகள், முகவரிக்குக் கிராம சேவகரின் உறுதிப்படுத்தல், முதல் கூட்டத்தின் குறிப்பு, ஒரு வருட வேலைத்திட்டமும் வரவுசெலவுத் திட்டமும். ஒவ்வொன்றிலும் நான்கு பிரதி எடுத்து வையுங்கள். எல்லாவற்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்க வேண்டும். எங்கள் செயலாளரின் பெயர் அடையாள அட்டையில் ஒரு மாதிரியும் யாப்பில் ஒரு மாதிரியும் இருந்தது. அதற்காகச் சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து வர இரண்டு வாரம் போனது.

சறுக்கும் இடம்: நோக்கங்கள் பகுதியில் ‘பயங்கரவாதத்தை ஒழித்தல்’ என்று வீரமாக எழுதாதீர்கள். அது பொலிஸின் வேலை, உங்களுக்கு எதற்கு என்ற கேள்வி வரும். எங்களுக்கு வந்தது. ‘ஆய்வு, கல்வி, சமூக உரையாடல்’ என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது. கம்பனி வழியில் போனால், பதிவு கிடைத்து 30 வேலை நாட்களுக்குள் பொது அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பதையும் செலவுக் கணக்கில் போடுங்கள். மூன்று மொழியிலும் விளம்பரம் என்றவுடன் எங்கள் பொருளாளர் கதிரையில் அப்படியே சாய்ந்துவிட்டார்.

காலம்: ஆறு வாரம் என்றார்கள், ஐந்து மாதம் ஆனது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி விண்ணப்பிக்காதீர்கள்.

3. வங்கிக் கணக்கு

பதிவைவிட இதுதான் எங்களைக் களைக்க வைத்தது. பெயரில் ‘தீவிரவாதம்’ என்ற சொல் இருந்தால், அதற்கு எதிரான அமைப்பாக இருந்தாலும், படிவத்தைப் பார்க்கிறவர் கை நின்றுவிடும். அவரையும் குறை சொல்ல முடியாது. பயங்கரவாதத்துக்கு நிதி போவதைத் தடுக்கும் 2005ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டமும், 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டமும் வங்கியின் தலையில் இருக்கின்றன. சந்தேகமானவற்றை அவர்கள் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும்.

ஆகவே கேட்குமுன் கொடுங்கள். பணம் எங்கிருந்து வரும், எதற்குச் செலவாகும், யார் கையொப்பமிடுவார்கள் என்று ஒரு பக்கக் கடிதம். கூடவே தடைசெய்யப்பட்டோர் பட்டியலுடன் உங்கள் உறுப்பினர், பேச்சாளர், நன்கொடையாளர் பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்த குறிப்பு, திகதியோடு. அந்தப் பட்டியல் வர்த்தமானியில் வரும், மாறிக்கொண்டும் இருக்கும். 2021 ஏப்ரலில் 11 அமைப்புகள் தடைசெய்யப்பட்டன, அவற்றில் சிலவற்றின் தடை பிறகு நீக்கப்பட்டது. பழைய பட்டியலை வைத்துக்கொண்டு ஒருவரைத் ‘தடைசெய்யப்பட்ட அமைப்பின் ஆள்’ என்று எழுதினால், நீங்கள்தான் நீதிமன்றப் படி ஏறுவீர்கள்.

4. வாசிப்பு: பயிற்சிக்கு முன் மூன்று மாதம்

இதைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் அதிகம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல் பற்றிப் பாராளுமன்றத் தெரிவுக்குழு 2019 ஒக்டோபரில் கொடுத்த அறிக்கை, ஜனாதிபதி ஆணைக்குழு அறிக்கையில் வெளியானவை, 2023 ஜனவரி 12 உயர் நீதிமன்றத் தீர்ப்பு, இவற்றை வாசிக்காமல் மேடை ஏறாதீர்கள். முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு.

வாசித்தால் இரண்டு கட்டுக்கதைகள் உடையும். ஒன்று, ‘முஸ்லிம்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள்’. தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் ஹாஷிமைப் பற்றி அவருடைய ஊரான காத்தான்குடியின் முஸ்லிம்களே முன்கூட்டி முறையிட்டிருந்தார்கள். 2017 மார்ச்சில் ஸூபிகளோடு நடந்த மோதலுக்குப் பிறகுதான் அவர் தலைமறைவானார். மற்றது, ‘வறுமைதான் காரணம்’. குண்டுதாரிகளில் இருவர் கொழும்பின் பெரிய மசாலாப் பொருள் வியாபாரி ஒருவரின் மகன்கள். இன்னொருவர் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் படித்தவர். ‘வேலை கொடுத்தால் சரியாகிவிடும்’ என்று யாராவது சொன்னால் இதை எடுத்துக் காட்டுங்கள்.

தமிழ் தெரிந்த நமக்கு ஒரு வசதி உண்டு. சஹ்ரானின் பிரசாரம் தமிழில்தான் நடந்தது. வெளிநாட்டு ஆய்வாளர் மொழிபெயர்ப்பில் பார்ப்பதை நாம் மூலத்தில் கேட்கலாம், எந்த இடத்தில் குரலை உயர்த்துகிறார், எந்தச் சொல்லைப் பொருள் மாற்றிப் போடுகிறார் என்பது காதுக்குப் பிடிபடும். ஆனால் அந்தக் காணொளிகளைத் தரவிறக்கி வைக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பாதீர்கள். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னும் இருக்கும் நாட்டில் ‘ஆய்வுக்காக வைத்திருந்தேன்’ என்பது பிறகு சொல்லும் சமாதானம். பார்த்த திகதி, உள்ளடக்கச் சுருக்கம், உங்கள் குறிப்பு, இவற்றை மட்டும் எழுதி வையுங்கள். அதற்கும் முன் ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

எழுதுவதிலும் கவனம். மன்னாரைச் சேர்ந்த இளம் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் தன் தமிழ்க் கவிதைகளுக்காக 2020 மே மாதம் கைதானார். வன்முறைக்கு எதிரான வரிகளும் அதில் இருந்தன. 2023 டிசம்பரில்தான் வழக்கிலிருந்து விடுதலை செய்யப்பட்டார். தமிழ் தெரியாத ஒருவர் உங்கள் கோப்பைத் திறந்தால் என்ன நினைப்பார் என்று ஒருமுறை யோசியுங்கள். நாங்கள் ஒவ்வொரு ஆவணத்தின் முதல் பக்கத்திலும் சிங்களத்தில் ஐந்து வரிச் சுருக்கம் ஒட்டுகிறோம்.

அரச தரவு வேண்டுமென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, பிறகு தகவலறியும் உரிமை ஆணைக்குழு. ‘தேசிய பாதுகாப்பு’ என்று ஒரே வரியில் மறுப்பு வரும் கேள்விகளைத் தவிருங்கள். ‘இத்தனை பேரை ஏன் கைது செய்தீர்கள்’ என்று கேட்டால் வராது. ‘இந்தப் பயிற்சிக்கு எவ்வளவு செலவானது, எத்தனை பேர் வந்தார்கள்’ என்று கேட்டால் வரும்.

5. நேர்காணல்

கையொப்பமிட்ட ஒப்புதல் படிவம் வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் சொல்லிக் கொடுப்பார்கள். இந்த விடயத்தில் அந்தக் கையொப்பமே ஆபத்து. வாய்மொழி ஒப்புதல் வாங்குங்கள், வாங்கியதை நீங்கள் குறித்து வையுங்கள். பெயருக்குப் பதில் இலக்கம். இலக்கத்துக்கும் பெயருக்கும் உரிய பட்டியல் ஒருவர் கையில், குறிப்புகள் இன்னொருவர் கையில். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத நம்பிக்கையை விசேட வகைத் தரவாகச் சொல்கிறது என்பதைப் பணம் தருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டலாம்.

இப்போது முக்கியமான ஒன்று. “நீங்கள் சொல்வது எதுவும் வெளியே போகாது” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்ததோ அதற்குத் தயாராவதோ தெரிந்தும் பொலிஸுக்கு அறிவிக்காவிட்டால் அதுவே குற்றம். ஆகவே தொடக்கத்திலேயே சொல்லுங்கள்: “உங்கள் பெயர் வராது. ஆனால் யாராவது தாக்குதலுக்குத் தயாராவதாகச் சொன்னால், அதை நான் மறைக்க முடியாது.” இதைக் கேட்டதும் சிலர் எழுந்து போவார்கள். போகட்டும். பிறகு தெரிந்து ஏமாறுவதைவிட அது நல்லது.

வீட்டுக்குப் போனால் கூப்பிடும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். முஸ்லிம் வீடுகளில் நாநா என்றால் அண்ணன், தாத்தா என்றால் அக்கா. எங்கள் குழுவில் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர், “தாத்தா எங்கே?” என்று கேட்கச் சொன்னதும் வயதானவரைத் தேடிக்கொண்டு நின்றார். வீட்டுக்காரி சிரித்த சிரிப்பில் பாதித் தயக்கம் போய்விட்டது, அன்று நல்ல நேர்காணல் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை 12 மணியிலிருந்து 2 மணி வரை யாரையும் கூப்பிடாதீர்கள். மஃரிப் (சூரியன் மறைந்ததும் தொழும்) நேரத்தில் இடைவெளி விடுங்கள். ஒரு மணி நேரப் பதிவை எழுதி முடிக்க நாலைந்து மணி நேரம் ஆகும், அதற்கு ஏற்ற சம்பளத்தைக் கணக்கில் போடுங்கள்.

6. பயிற்சி

யாருக்கு? ஆசிரியர்கள், மௌலவிமார், பள்ளிவாசல் நிர்வாகத்தினர், தாய்மார். 20 பேருக்கு மேல் வேண்டாம். ஒரு முழு நாளைவிட இரண்டு அரை நாட்கள் நல்லது, இடையில் ஒரு வாரம் விட்டால் கேள்வியோடு திரும்பி வருவார்கள். முஸ்லிம்கள் மட்டும் வரும் பயிற்சியாக ஆக்காதீர்கள். குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய மாதிரி இருக்கும்.

‘அடையாளங்கள்’ பட்டியலைத் தூக்கிப் போடுங்கள். தாடி வளர்த்தான், பாட்டுக் கேட்பதை விட்டான், அபாயா போட்டாள் என்று வரும் பட்டியல்கள் பக்தியைத்தான் பிடிக்கும், வன்முறையைப் பிடிக்காது. எங்கள் முதல் பயிற்சியில் அப்படி ஒரு பட்டியலைத் திரையில் போட்டோம். முன்வரிசையில் இருந்த மௌலவி எழுந்து, “இதில் ஏழும் என்னிடம் இருக்கிறது, என்னைப் பிடித்துக் கொடுங்கள்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் மண்டபத்தில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பதிலாகச் சம்பவம் கொடுங்கள். ‘உங்கள் மாணவன், மற்ற மாணவனின் வாப்பாவைக் காபிர் (இறைமறுப்பாளர்) என்கிறான், ஏனென்று கேட்டால் ஒரு காணொளியைக் காட்டுகிறான். அடுத்த பத்து நிமிடம் என்ன செய்வீர்கள்?’ இதைப் பேச ஒன்றரை மணி நேரம் போதவில்லை. மார்க்க விளக்கம் தேவைப்படும் இடத்தில் மௌலவிதான் பேச வேண்டும். நீங்கள் குர்ஆன் வசனத்துக்கு விளக்கம் சொல்லப் போகாதீர்கள்.

முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறையையும் அதே பயிற்சியில் பேசுங்கள். 2014 அளுத்கம, 2018 திகன, 2019 மே மாதம் குருநாகல், மினுவாங்கொடைப் பக்கம் நடந்தவை, இவற்றை விட்டுவிட்டால் எதிரே இருப்பவர் நீங்கள் சொல்லும் மற்றதையும் கேட்கமாட்டார்.

7. பொதுக் கூட்டம்

இடம்: முதல் கூட்டத்தைப் பள்ளிவாசலிலோ, தேவாலயத்திலோ, கோவிலிலோ வைக்காதீர்கள். நூலக மண்டபம், சங்க மண்டபம், மாநகர சபை மண்டபம் என்று பொதுவான இடம் பாருங்கள். மண்டபத்தைப் பதிவு செய்யும்போது கடிதத்தில் தலைப்பைச் சரியாக எழுதுங்கள். ‘கலாசார நிகழ்வு’ என்று எழுதிவிட்டுத் தீவிரவாதம் பேசினால், கடைசி நேரத்தில் கதவைப் பூட்டுவார்கள். அது அவர்கள் உரிமையும்கூட.

நாள்: போயா (பௌர்ணமி விடுமுறை), ரமழான், ஏப்ரல் 21ஐ ஒட்டிய வாரம், மூன்றையும் தவிருங்கள். ரமழான் ஒவ்வொரு வருடமும் சுமார் 11 நாள் முன்னால் வரும், போன வருடக் கலண்டரைப் பார்த்துத் திட்டமிடாதீர்கள். ஏப்ரல் 21ஐ ஒட்டிய வாரம் கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் உறவுகளை இழந்தவர்களுடையது. அதில் நமக்கு மேடை வேண்டாம்.

பொலிஸ்: பிரதேசப் பொறுப்பதிகாரிக்குப் பத்து நாள் முன்பு அறிவித்தல் கடிதம் கொடுத்து, பிரதியில் ‘பெற்றுக்கொண்டோம்’ சீல் வாங்குங்கள். தலைப்பு, நேரம், பேச்சாளர் பெயர்கள் போதும். பங்குபற்றுவோர் பட்டியலைக் கேட்டால், “அப்படி ஒன்று நாங்கள் வைத்திருப்பதில்லை” என்று சொல்லும் நிலையில் இருங்கள். அதாவது, உண்மையிலேயே வைத்திருக்காதீர்கள்.

பணம் தருகிறவர்களிடம் இதை ஒப்பந்தத்துக்கு முன்பே பேச வேண்டும். கையொப்பத் தாள் இல்லாமல் கணக்கு முடிக்க முடியாது என்பார்கள். நாங்கள் கடைசியில் ஒத்துக்கொள்ள வைத்தது இது: தலைகளின் எண்ணிக்கை, ஆண் பெண் பிரிவு, மண்டப ரசீது, உணவு ரசீது, இரண்டு அமைப்பாளர்களின் கையொப்பம். முகம் தெரியாதபடி பின்வரிசையிலிருந்து எடுத்த ஒரே ஒரு படம். இதற்கு மூன்று மின்னஞ்சலும் ஒரு சண்டையும் தேவைப்பட்டன.

மொழி: தமிழில் மட்டும் நடத்தினால் சுலபம், ஆனால் சிங்களவர் வராத உரையாடலில் பாதிக் கேள்விகள் வராது. எங்கள் செலவில் மூன்றில் ஒரு பங்கு மொழிபெயர்ப்புக்கே போனது. காதணிக் கருவி வாடகைக்கு எடுக்க வசதியில்லையா? சிங்களம் மட்டும் தெரிந்தவர்களை ஒரு பக்கமாக உட்கார வைத்து, ஒருவர் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொடுக்கலாம். 15 பேருக்கு மேல் அது சரிவராது.

சாப்பாடு: ஹலால், அதோடு கட்டாயம் மரக்கறி. கூட்டத்துக்கு முன்பு கொடுக்காதீர்கள், சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இடைவேளையில் கொடுங்கள். 40 பேருக்குத் தேநீரும் ரோல்ஸும் எங்களுக்கு 18,000 ரூபாய் ஆனது, இப்போது கூடியிருக்கும்.

கேள்விகளைத் துண்டில் எழுதி வாங்குங்கள். ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தால் ஒருவரே இருபது நிமிடம் பேசுவார், அவர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். துண்டில் பெயர் இல்லாததால்தான் “என் மகன் பேசுவது எனக்குப் பயமாக இருக்கிறது, யாரிடம் சொல்வது?” என்ற கேள்வி எங்களுக்கு வந்தது.

8. அப்படி ஒரு துண்டு வந்தால்

முதலில் பிரித்துப் பாருங்கள். உடனடி ஆபத்து என்றால் பொலிஸ் அவசர இலக்கம் 119. அதில் யோசிக்க ஒன்றுமில்லை. பிள்ளை தனிமையாகிவிட்டான், கோபமாகப் பேசுகிறான், தூங்குவதில்லை என்றால் அது வேறு. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம், நம்பிக்கையான மௌலவி ஒருவரை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம். ஏற்கெனவே யாராவது கைதாகியிருந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கம், சட்டத்தரணிக்கு வசதியில்லை என்றால் புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழு. இந்த இலக்கங்களைச் சிறிய அட்டையில் மூன்று மொழியிலும் அச்சடித்து, தேநீர் மேசையில் வையுங்கள். கையில் கொடுத்தால் வாங்கமாட்டார்கள். மேசையில் இருந்தால், கோப்பையை வைக்கும்போது எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்வார்கள். நாங்கள் 50 அட்டை வைத்தோம், மண்டபம் கூட்டும்போது 9 மிஞ்சியிருந்தன.